பெயருக்கு யார் சொந்தக்காரர்?

ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் வாங்கிய ஓர் இணையப் பெயர் கோடி ரூபாய் தரும் என்ற கனவு தில்லியில் அவ்வப்போது பிறக்கிறது. பல சமயம் தில்லி நீதிமன்றங்களிலேயே அது முடிந்தும் போகிறது.

பெண் பார்க்கும் படலம் நடக்கும்போதே, பிறக்கப்போகும் குழந்தையின் பெயரை யாரோ மூன்றாவது மனிதர் தன் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? தில்லியைச் சேர்ந்த மென்பொருள் இளைஞர் ஒருவர் 2023ல் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். ஐ.பி.எல். ஆட்டங்களை இணையத்தில் காட்டும் உரிமை ஹாட்ஸ்டாரின் கையை விட்டுப் போயிருந்தது. அந்த நிறுவனம் ஓர் இந்தியப் போட்டியாளருடன் சேரக்கூடும் என்று செய்தி அடிபட்டது. வாங்கும் வசதி யாருக்கு உண்டு? அம்பானிக்குத்தான் என்று இளைஞர் கணக்குப் போட்டார். முன்பு சாவன் என்ற பாட்டுச் சேவையை ஜியோ எடுத்துக்கொண்டபோது அது ஜியோசாவன் ஆயிற்று. அப்படியானால் ஹாட்ஸ்டார் என்ன ஆகும்? ‘ஜியோஹாட்ஸ்டார் டாட் காம்’ என்ற முகவரி காலியாக இருந்தது. வாங்கிப் போட்டார்.

கணக்கு பிசகவில்லை. 2024 பிப்ரவரியில் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்தியத் தொழில்களை இணைப்பதாக அறிவித்தன. அக்டோபரில் இளைஞர் அந்த முகவரியிலேயே ரிலையன்ஸுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி வைத்தார். தான் ஒரு கனவு காண்பவன், கேம்பிரிட்ஜில் படிக்க இடம் கிடைத்தும் பணம் இல்லை, இந்தப் பெயரை வாங்கிக்கொண்டால் படிப்பு நடக்கும் என்பது சாரம். பிறகு அவரே தெரிவித்தபடி, கேட்ட தொகை 93,345 பவுண்டு. சுமார் ஒரு கோடி ரூபாய். ரிலையன்ஸ் மறுத்துவிட்டது, சட்ட நடவடிக்கைக்கும் தயாராகிறது என்று அவர் எழுதினார். இவ்வளவு பெரிய நிறுவனத்தை எதிர்த்து நிற்கத் தனக்கு வலுவில்லை என்றும் சொன்னார்.

ஊர் இரண்டுபட்டது. ஒரு தரப்பு அவரைச் சாமர்த்தியசாலி என்றது, இன்னொரு தரப்பு பிளாக்மெயில்காரர் என்றது. கல்யாண வீடுகளுக்கு ஆயிரம் கோடி செலவழிப்பவர்கள் ஒரு பையனின் படிப்புக்கு ஒரு கோடி தரக்கூடாதா என்று கேட்டவர்களும் உண்டு. கடைசியில் துபாயில் வசிக்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அவருக்கு உதவுவதற்காக அந்தப் பெயரை வாங்கினார்கள். ரிலையன்ஸுக்கு அதை இலவசமாகவே கொடுத்துவிடுவதாகவும் அறிவித்தார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரிலேயே புதிய சேவை தொடங்கியது. பார்வையாளர்களோ பழைய ‘ஹாட்ஸ்டார் டாட் காம்’ முகவரி வழியாகவே உள்ளே போனார்கள். இளைஞரின் யூகம் நூற்றுக்கு நூறு சரி. அதற்குக் கம்பெனி கொடுத்த விலை பூஜ்யம்.

பேராசையா, கஞ்சத்தனமா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிடலாம். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த இளைஞர் வாங்கியது என்ன?

பதில் கொஞ்சம் சங்கடமானது. இணையத்தில் டொமைன் பெயர் என்பது முதலில் வருபவருக்கு முதலில் கிடைக்கும் சரக்கு. பதிவு செய்யும் நிறுவனம், ‘இது உங்கள் பெயர்தானா?’ என்று கேட்பதில்லை. அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். காலி என்றால் பணம் கட்டலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். நிலத் தகராறு பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கலாம். பட்டா மட்டுமே கிரயப் பத்திரம் ஆகிவிடாது. டொமைன் பதிவும் அப்படித்தான். பட்டா கையில் இருப்பதாலேயே மனை தனது என்று நம்புகிறவர்கள்தான் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்.

தொடக்க காலத்தில் பட்டாவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. 1995 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் டாட் காம் பெயர்களுக்கு ஆண்டுக்கு 50 டாலர் வசூலிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜோஷுவா குவிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பெரிய கம்பெனிகள் இணையத்தில் எவ்வளவு தூங்குகின்றன என்று காட்டுவதற்காக ‘மெக்டொனால்ட்ஸ் டாட் காம்’ பெயரைத் தன் பெயரில் பதிவு செய்தார். கம்பெனி விழித்துக்கொண்டு கேட்டபோது, நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கு இணைய வசதி செய்துதரச் சொல்லிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து வந்தவர்கள் பள்ளிக்கூடம் கேட்கவில்லை. சினிமா காமிராவுக்குப் பேர்போன பானாவிஷன் நிறுவனத்தின் பெயரை ஓர் அமெரிக்கர் பதிவு செய்துகொண்டு 13,000 டாலர் கேட்டார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், இல்லினாய் மாநிலத்தில் பானா என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதன் படங்களைத்தான் போட்டிருக்கிறேன் என்றார். 1998ல் அமெரிக்க நீதிமன்றம் அந்தப் படங்களை ரசிக்கவில்லை.

அதே ஆண்டு பிரச்சினை தில்லிக்கு வந்தது. ஓசூரில் நகை செய்யும் டைட்டன் நிறுவனத்தின் ‘தனிஷ்க்’ பெயரில் வேறொருவர் டாட் காம் பதிவு செய்திருந்தார். டைட்டன் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. இந்தியாவில் இந்த ரக வழக்குகளின் பிள்ளையார் சுழி அதுதான். ஆனால் விவாதம் விரிவாக நடந்து, சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு வந்தது அடுத்த ஆண்டில்.

வழக்குப் போட்டது யாஹூ. எதிர்த் தரப்பு ‘யாஹூஇந்தியா டாட் காம்’ என்ற பெயரில் அதே மாதிரி சேவையைத் தொடங்கியிருந்தது. நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்து மூன்றரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தொலைபேசிக் கம்பியில் கிரீச்சிட்டு இணைப்பு கிடைப்பதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்து முடித்துவிடலாம். நீதிபதிகளின் மேஜையிலேயே கம்ப்யூட்டர் அபூர்வம். எதிர்த் தரப்பின் வாதங்களோ லேசானவை அல்ல. யாஹூ இந்தியாவில் டிரேட்மார்க் பதிவு செய்யவில்லை. அன்று அமலில் இருந்த 1958ஆம் ஆண்டுச் சட்டம் சரக்குகளுக்குத்தான், சேவைகளுக்கு அல்ல. யாஹூ என்பது அகராதிச் சொல். 1726லேயே ஜொனாதன் ஸ்விஃப்ட் தன் கலிவர் கதையில் போட்ட சொல்லுக்கு கலிபோர்னியாக்காரர் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம்? எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம். தவிர, இணையத்துக்கு வருபவர் விவரம் தெரிந்தவர், ஏமாற மாட்டார்.

1999 பிப்ரவரி 19 அன்று நீதிபதி முகுந்தகம் சர்மா இவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். சட்டப் புத்தகத்தில் சேவைக்கு இடமில்லாமல் இருக்கலாம். ஆனால் பிறர் நற்பெயரைத் தன்னுடையதாகக் காட்டி வியாபாரம் செய்யக்கூடாது என்ற பழைய பொதுநீதி இருக்கிறதே, அது சேவைக்கும் பொருந்தும் என்றார். அகராதிச் சொல்லும் ஒருவர் கையில் நீண்ட காலம் புழங்கித் தனி அடையாளம் பெறலாம். ‘சம்பந்தமில்லை’ என்று ஓரத்தில் எழுதிவைப்பது, பெயரைப் பார்த்து ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவரின் குழப்பத்தைத் தீர்க்காது. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தத் தெரிந்தவர் எல்லாம் யார் எதை நடத்துகிறார்கள் என்று பிரித்தறியத் தெரிந்தவர் என்று சொல்ல முடியாது. கடைசிக் கருத்து எவ்வளவு தீர்க்கதரிசனம் என்பதை வங்கிக் கணக்கில் பணம் பறிகொடுத்த எந்த எஞ்சினியரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தத் தீர்ப்போடு ஒன்று உறுதியானது. டொமைன் பெயர் என்பது கடிதம் போடும் விலாசம் மாதிரி வெறும் முகவரி அல்ல, கடையின் பெயர்ப்பலகை மாதிரி. அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றமும் ‘ரீடிஃப்’ பெயரை ஓரெழுத்து மாற்றி ‘ராடிஃப்’ ஆக்கியவர்களைத் தடுத்தது. ஆனாலும் ஆசை அடங்கவில்லை. ஜே.ஆர்.டி. டாடா, ரத்தன் டாடா என்று தொழிலதிபர்களின் பெயர்களையும் டாடா கம்பெனிகளின் பெயர்களையும் கொத்தாகப் பதிவு செய்த ஒருவரை 2001ல் தில்லி உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. பிஸ்லெரி தண்ணீருக்கும் அதே ஆண்டு அதே நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது.

உச்ச நீதிமன்றம் வாய் திறக்க 2004 ஆயிற்று. அந்த வழக்கின் நாயகர் ஒரு சென்னைக் கம்பெனி. சத்யம் இன்ஃபோவே என்ற தன் பெயரின் எழுத்துகளைக் கத்தரித்து ‘சிஃபி’ என்று ஒரு புதுச் சொல் செய்தது அது. எந்த மொழி அகராதியிலும் இல்லாத சொல். 1999ல் ‘சிஃபிநெட்’, ‘சிஃபிமால்’ என்று முகவரிகளைப் பதிவு செய்தது. 2001ல் இன்னொரு நிறுவனம் ‘சிஃபிநெட்’ என்றே வந்தது. வித்தியாசம், ஆங்கிலத்தில் ஓர் எஃப் கூடுதல். உச்சரிப்பில் அதுவும் இல்லை.

எப்படி இந்தப் பெயர் வந்தது என்று கேட்டதற்கு எதிர்த் தரப்பு சொன்ன விளக்கம் ரசிக்கத்தக்கது. கம்பெனியைத் தொடங்கியவர்கள் ஐந்து பேர். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் எஸ், ஐ, எஃப், எஃப், ஒய் வருகிறது. ஐந்து நண்பர்களின் பெயர்கள் இப்படி வரிசையில் வந்து நின்றது தெய்வச் செயல் என்று நினைத்தார்களோ என்னவோ. பெங்களூர் சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு நிறுவனங்களும் செய்வது வேறு வேறு வியாபாரம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றத்துக்கு ஐந்து நண்பர்கள் விளக்கம் திருப்தி தரவில்லை. 2004 மே 6 அன்று நீதிபதிகள் ரூமா பாலும் வெங்கடராம ரெட்டியும் தடையை மீண்டும் கொண்டுவந்தார்கள். டொமைன் பெயர்த் தகராறுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, ஆனால் ஒரு டொமைன் பெயருக்கு டிரேட்மார்க்கின் எல்லா குணங்களும் இருக்க முடியும் என்றார்கள். தனிச் சட்டம் இன்றும் இல்லை. அமெரிக்கா 1999லேயே ஒன்று போட்டுவிட்டது. இங்கே இருபது வருஷத்துக்கு மேலாக அந்தத் தீர்ப்பே சட்டத்தின் வேலையைச் செய்கிறது.

ஆக, பிறர் வியாபாரத்தின் பெயரை வாங்கிப் போட்டு லாபம் பார்ப்பது முதலீடு அல்ல என்பது தில்லியில் கால் நூற்றாண்டாகத் தெரிந்த செய்தி. ஆனால் பெயரில் பணமே இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக்கூடாது. யாருடைய பெயராகவும் இல்லாத சொல்லுக்குச் சந்தை உண்டு, அதுவும் பெரிய சந்தை. ‘பிஸினஸ் டாட் காம்’ 1997ல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கை மாறியது. இரண்டே வருஷத்தில் 75 லட்சம் டாலருக்கு மீண்டும் மாறியது. இந்திய வம்சாவளித் தொழிலதிபர் தர்மேஷ் ஷா 2023ல் ‘சாட் டாட் காம்’ என்ற பெயரை 155 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். பைத்தியமா என்று கேட்டவர்கள் அடுத்த வருஷம் அது ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்குப் போனதைப் பார்த்தார்கள். தில்லி இளைஞர் விலை பேசிய அதே காலம் அது. இருவருமே வரப்போவதை யூகித்து வாங்கியவர்கள்தான். ஆனால் ‘சாட்’ என்பது அரட்டை. அதற்கு யாரும் டிரேட்மார்க் நோட்டீஸ் அனுப்ப முடியாது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் அப்படியல்ல, இரண்டு பாதியும் அடுத்தவர் சொத்து.

இந்தியாவில் இந்த வித்தையைச் சீக்கிரமே கண்டுகொண்டவர்கள் உண்டு. ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்ட் நிறுவனம் கோஜ், கேல், சமாச்சார், பாவர்ச்சி என்று ஹிந்தி வீட்டுச் சொற்களை எடுத்து டாட் காம் ஆக்கியது. தேடல், விளையாட்டு, செய்தி, சமையல்காரர். 1999 நவம்பரில் அந்தக் கம்பெனியை 499 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? அதே சத்யம் இன்ஃபோவே. அடுத்த வருஷமே டாட் காம் குமிழி உடைந்தது. அந்த விலை அதிகம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். விற்றவர் மட்டும் சொன்னதில்லை.

தில்லிக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார், சஞ்சீவ் பிக்சந்தானி. 1996ல் தில்லியில் நடந்த ஐ.டி. ஏஷியா கண்காட்சியில்தான் அவர் முதன்முதலாக இணையத்தைப் பார்த்தார். 1997ல் வேலை தேடுவோருக்காகத் தொடங்கிய தளத்துக்கு ‘நௌக்ரி’ என்று பேர் வைத்தார். ஆங்கிலப் பெயர்களின் கூட்டத்தில் ஒரு பச்சை ஹிந்திச் சொல். ஞாபகம் வைத்துக்கொள்ளக் கஷ்டமே இல்லை. ஆனால் அதில்தான் சிக்கலும் இருந்தது. வேலை என்று பொருள்படும் பொதுச் சொல்லை ஒருவர் வேலி போட்டு அடைக்க முடியுமா? போட்டியாளர் ஒருவர் நடுவில் ஆங்கில ‘ஏ’ எழுத்தைச் செருகி ‘நௌகரி டாட் காம்’ பதிவு செய்து, தட்டச்சில் தடுக்கி விழுகிறவர்களைத் தன் தளத்துக்குத் திருப்பிவிட்டார். வழக்கு 2002ல் அதே நீதிபதி சர்மாவிடம் வந்தது. பொதுச் சொல்லே ஆனாலும் உழைப்பாலும் விளம்பரத்தாலும் மக்கள் மனத்தில் ஒரு நிறுவனத்தையே குறிக்கத் தொடங்கிவிட்டால் அதற்குக் காவல் உண்டு என்று தடை விதித்தார். பிக்சந்தானிக்கு அது சாத்தியமானது, ஐந்து வருஷம் அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்ததால்தான். நேற்றுத் தொடங்கிய தளம் ஒன்று அந்த வழக்கைப் போட்டிருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நீதிமன்றக் காவலின் குணமே இதுதான். யாஹூ, டாடா, பிஸ்லெரி என்று ஜெயித்தவர் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். நற்பெயரை நிரூபிக்க விளம்பரச் செலவு, விற்பனைக் கணக்கு, பத்திரிகைச் செய்தி எல்லாம் காட்ட வேண்டும். கரோல் பாகில் பதினைந்து வருஷமாக அப்பளமும் வடாமும் விற்கும் தமிழ் அம்மாளுக்கு நற்பெயர் நிறைய உண்டு, கோப்பு கிடையாது. அவருக்குச் சட்டத்தைவிட முன்ஜாக்கிரதைதான் மலிவு. ஒரு வருஷத்துக்கு டாட் காம் பெயர் ஆயிரம் ரூபாய் சொச்சம். டாட் இன் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கடைக்குப் போர்டு எழுதக் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. போர்டு எழுதி, பில் புத்தகம் அடித்து, பூஜை போட்டு முடித்த பிறகு பெயர் காலி இல்லை என்று தெரிந்தால் விற்பவன் வைத்ததுதான் விலை.

தமிழ்ப் பெயர் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நௌக்ரிக்கு ஓர் ‘ஏ’தான் தொல்லை. நமக்கோ குறில் நெடில், லகர ளகர ழகரம், றகர ரகரம் எல்லாமே ஆங்கில எழுத்தில் வழுக்குகின்றன. ‘வாழை’ என்று ஓட்டலுக்குப் பேர் வைத்தால் ஆங்கிலத்தில் ஒருவர் இஸட்-ஹெச் போடுவார், ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் ஏ இரண்டு போடுவார். தில்லி வாடிக்கையாளர் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார். எல்லாவற்றையும் வாங்குவது வீண். வாய்வழி கேட்டவர் எப்படி எழுதுவார் என்று நாலு பேரிடம், அதிலும் தமிழ் தெரியாத நாலு பேரிடம், எழுதச் சொல்லிப் பார்த்து அதிகம் பேர் எழுதுவதைத் தலைமை முகவரியாக வைத்து, அடுத்த ஒன்றிரண்டை மட்டும் காவலுக்கு வாங்கினால் போதும். தமிழ் எழுத்திலேயே ‘டாட் இந்தியா’ என்று முடியும் முகவரி வாங்கவும் வழி இருக்கிறது. அழகான ஏற்பாடு. ஆனால் தமிழ் விசைப்பலகையில் முகவரி தட்டுகிறவர்கள் இன்னும் சிறுபான்மைதான், ஆகவே அதை மட்டும் நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

இன்னும் இரண்டு இடங்களில் ஆட்கள் வழக்கமாகச் சறுக்குகிறார்கள். வெப்சைட் செய்துகொடுக்கும் பையனிடமே ‘நீயே பதிவு பண்ணிடுப்பா’ என்று விட்டுவிடுவார்கள். அவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்வார். மூன்று வருஷம் கழித்து அவர் புனேவுக்கு வேலைக்குப் போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும். கடை உங்களுடையது, பட்டா அவருடையது. இன்னொன்று புதுப்பிக்க மறப்பது. இதைச் சின்னக் கடைக்காரர்களின் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ‘பாஸ்போர்ட் டாட் காம்’ பெயருக்குப் பணம் கட்ட மறந்துவிட்டது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்தப் பெயர் தேவை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடிதம் பார்க்க முடியாமல் ஜனங்கள் தவிக்க, சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டி உலகத்தின் மிகப் பணக்கார கம்பெனிக்கு உதவினார்.

பெரிய கம்பெனிகளின் வழக்கு என்று இதையெல்லாம் தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் வேறு. இன்று இணையப் பெயரை மடக்குகிறவர்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதிப் பேரம் பேசுவதில்லை. அவர்களுடைய இலக்கு பொதுஜனம். டாபர் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு ஓர் உதாரணம். டாபர் பெயரோடு ‘டிஸ்ட்ரிப்யூட்டர்’ என்று ஒட்டவைத்த முகவரிகள் திடீரென முளைத்தன. உள்ளே போனால் கம்பெனியின் சின்னம், பொருள்களின் படம், ஏஜென்சி எடுக்க விண்ணப்பப் படிவம், பணம் கட்ட வங்கிக் கணக்கு. சிற்றூர்களில் சேமிப்பை எடுத்து ஏஜென்சிக்கு டெபாசிட் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேனில் சரக்கு வந்து இறங்கும் என்ற நம்பிக்கை. சரக்கு வராது. பிறகு அந்தத் தளமும் இருக்காது. இதே முறையில் இன்னும் பல பிரபல நிறுவனங்களின் பெயரும் பயன்படுத்தப்பட்டதால் தில்லி நீதிமன்றத்தில் வழக்குகள் கொத்தாகச் சேர்ந்தன.

இவற்றில் பிரதிவாதியின் பெயர் அசோக் குமார் என்றிருக்கும். வழக்கு எண்களை மேயும் வெளியாள் ஒருவர், இந்த அசோக் குமார் என்பவர் பலே கில்லாடி என்று நினைக்கக்கூடும். அப்படி யாரும் இல்லை. ஆள் யாரென்று தெரியாத வழக்குகளில் எழுதிக்கொள்ள இந்திய நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெயர் அது. இங்கே அது தேவைப்படுவதற்கும் காரணம் உண்டு. ஒருகாலத்தில் ஒரு முகவரியை வாங்கியவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. 2018ல் ஐரோப்பாவின் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உலகெங்கும் அந்த விவரங்கள் திரைக்குப் பின்னால் போயின. தனிமனிதருக்கு நல்ல ஏற்பாடுதான். மோசடிக்காரருக்கு இன்னும் நல்ல ஏற்பாடு. பெயர் விற்கும் நிறுவனங்கள் பல வெளிநாட்டில் இருக்கின்றன. ஒரு தளத்தை முடக்க உத்தரவு வாங்கினால் மறுநாள் ஓரெழுத்து மாறி இன்னொன்று எழும். வாங்குபவரின் அடையாளத்தை இப்படி மறைத்துத் தருவது ஏன், விற்பவருக்குப் பொறுப்பு இல்லையா என்று நீதிபதி பிரதிபா சிங் இந்த வழக்குகளில் கேட்டார்.

1999ல் யாஹூ வழக்கில் கேட்ட கேள்விக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். அன்று நஷ்டம் ஒரு கம்பெனியின் நற்பெயருக்கு. வாசகர் வழி தவறினால் வேறு ஒரு செய்திப் பக்கத்தைப் படிப்பார், அவ்வளவுதான். இன்று வழி தவறுகிறவர் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்ததை இழக்கிறார். பெயரைப் பார்த்து நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்ததா?

அரசாங்கம் இந்தப் பெயர் விவகாரத்தைத் தாமதமாகத்தான் கையில் எடுத்தது. டாட் இன் என்ற நாட்டு முகவரி 1989லேயே நமக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் விதிகள் கெடுபிடியாக இருந்ததால் 2005க்கு முன் சில ஆயிரம் பெயர்களே பதிவாகியிருந்தன. அந்த ஆண்டு தில்லியிலுள்ள நிக்ஸி என்ற லாப நோக்கற்ற அமைப்பிடம் பொறுப்பைக் கொடுத்துக் கதவைத் திறந்தபின் எண்ணிக்கை பல லட்சங்களாகி, பிறகு 30 லட்சத்தையும் தாண்டியது. தகராறைத் தீர்க்கவும் அதே ஆண்டு ஒரு நடைமுறை வந்தது. டாட் இன் பெயரை யாராவது கெட்ட எண்ணத்தோடு மடக்கியிருந்தால் நீதிமன்றம் போக வேண்டியதில்லை; நிக்ஸியிடம் புகார் கொடுத்தால் ஒரு மத்தியஸ்தரை நியமிக்கிறார்கள், அவர் பெயரை மாற்றிக் கொடுக்க உத்தரவிடலாம். டாட் காமுக்கு ஜெனிவாவில் இதே வேலையைச் செய்யும் உலக அறிவுசார் சொத்து நிறுவனம் ஒற்றை மத்தியஸ்தர் என்றாலே 1,500 டாலர் கட்டணம் கேட்கிறது. அப்பளக் கடை அம்மாளுக்கு டாட் இன் ஏன் நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கிகள் விஷயத்தில் மட்டும் ரிசர்வ் வங்கி வேறு பாதையில் போனது. போலிப் பெயர்களைத் துரத்திப் பிடிப்பதற்குப் பதிலாக, வங்கிகளுக்கென்றே தனித் தெரு ஒன்றைக் கட்டியது. 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அக்டோபர் 31க்குள் இந்திய வங்கிகள் எல்லாம் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. அந்தப் பெயர்களைக் கண்ட கண்ட இடத்தில் வாங்க முடியாது. ஹைதராபாத்திலுள்ள ரிசர்வ் வங்கியின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மட்டுமே பதிவு செய்து தரும். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற இணையத்தின் ஆதி விதி அந்தத் தெருவில் செல்லாது. வங்கி உரிமம் இல்லாதவருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அங்கே வீடு கிடையாது. பாரத ஸ்டேட் வங்கியின் முகவரி இப்போது ‘எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்’. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும் ‘ஃபின் டாட் இன்’ என்று இன்னொரு தெரு திட்டமிடப்பட்டது.

ஏஜென்சி தருவதாக ஆசை காட்டும் தளம் உண்மையானதா என்று பார்க்க இப்படி ஒரு தெருப் பெயர் கிடையாது. அதற்குப் பழைய முறைதான்: பொருளின் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும் முகவரியையோ தொலைபேசி எண்ணையோ எடுத்து, டெபாசிட் கட்டும் முன் அங்கே கூப்பிட்டுக் கேட்பது.